தடத்தின் மேல் கட்டிய வீடு

வீடு கட்டப் போகிறவர்கள் இப்போதும் என்னைத் தேடி வந்து யோசனை கேட்கிறார்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கம் இருபத்தைந்து வருடம் அடுத்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் என்பதால் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, நான் தலையாட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் வருகிறவர்கள். அவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

உண்மையாகவே கேட்கிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். கடைக்கால் தோண்டுவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த இடத்தைச் சும்மா பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் அரித்துக்கொண்டு ஓடுகிறது என்று அதுவே காட்டிவிடும். இரண்டாவது, பேஸ்மென்ட்டுக்குள் கொட்டுகிற மண்ணை எவ்வளவு இடித்துக் கெட்டித்தாலும் நம்பாதீர்கள். அது ஒரு மழை குடித்த பிறகுதான் அமரும். அதற்கு முன் டைல்ஸ் ஒட்டாதீர்கள். மூன்றாவது, அந்த இடத்தில் யார் நடக்கிறார்கள் என்று விசாரியுங்கள். முதல் இரண்டையும் சிலர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மூன்றாவதைச் சொன்னதும் பேனா நின்றுவிடும். பாதை வழக்கு ஏதாவது வருமா என்று கேட்பார்கள். அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

மூன்றையும் நான் என் சொந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்தக் கதை.

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் முப்பது நாற்பது வீடுகள் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. அங்கே எனக்கு ஒரு அக்கா இருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எனக்கு ஐந்து வயதில் அம்மா இறந்ததிலிருந்து அக்காதான் எனக்குச் சோறு போட்டாள், அடித்தாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள். எங்கள் நிலத்தில் மிளகுக்கொடி பார்க்க வந்தவரையே கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருந்துவிட்டாள். மாமா அதிகம் பேசமாட்டார். இடது கால் கொஞ்சம் தாங்கல். சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கும்போது ஒருநாள் விழுந்து போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு பதினாறு வருடம் அக்கா அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள்.

அந்த வீட்டின் மேற்குச் சுவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நாலு விரற்கடை சாய்ந்திருந்தது. மண் சுவர், மேலே ஓட்டுக் கூரையின் பாரம். அடுத்த ஐப்பசி மழை தாங்காது என்று எனக்குத் தோன்றியது. போதாக்குறைக்கு அக்கா ஒருநாள் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டார் போன் செய்த அன்றே நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். மலைக்குக் கீழே இருந்தது போதும், மேலே போய் ஒரு வீடு கட்டி அக்காவை வைத்துக்கொள்வது. அந்த வீட்டை நான் கட்டியதே அக்காவுக்காகத்தான். அவளுக்கென்று ஒரு அறை, படி இல்லாத தரை, உள்ளேயே கழிப்பறை, சுவரில் பிடித்து நடக்கக் கைப்பிடி. படுத்தபடியே மிளகுக்கொடி தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல். வரைபடத்தில் முதலில் போட்டது அந்த ஜன்னலைத்தான்.

எங்கள் நிலம் முழுக்கச் சரிவு. மேல் ஓரத்தில் அக்காவின் வீடு. நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் பலகை போலச் சமமாக இருந்தது. அதற்குக் கீழே மறுபடியும் சரிவு, ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்க்காரர்களைப் புதைக்கிற பலாமரத்துக் காடு. ஊரிலிருந்து அங்கே போகிற தடம் அக்காவின் வாசலைத் தொட்டு, அந்தச் சமமான துண்டின் நடுவாக ஓடி, ஓடையில் இறங்கும். இரண்டடி அகலம்தான். எத்தனை தலைமுறை மிதித்ததோ, அதில் புல் முளைத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரை எடுத்துப் போகிற தடத்தை மாற்றமாட்டார்கள். போனவர்கள் எப்போதாவது வந்து போவதும் அதே வழியில்தான், வேறு வழி அவர்களுக்குத் தெரியாது என்பார்கள். மலையில் மத்தியானத்துக்கு மேல் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அப்படி மஞ்சு மூடியிருக்கும்போது அந்தத் தடத்தில் நடப்பவர் காலடிச் சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். யார் என்று கேட்கக் கூடாது. கடந்து போன பிறகு நடக்கலாம்.

சிறு வயதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பலமுறை அப்படி நின்றிருக்கிறேன். பெரும்பாலும் மஞ்சுக்குள்ளிருந்து குச்சிக்கிழங்குக் கூடையோடு யாராவது தெரிந்தவர் வருவார், சிரித்துவிட்டுப் போவார். சில நாட்களில் சத்தம் மட்டும் எங்கள் முன்னால் வந்து, எங்களைத் தாண்டி, மேலே ஏறிப் போகும். யாரும் இருக்கமாட்டார்கள். அக்கா என் கையை இறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல, "வா சாமி, நேரமாச்சு" என்பாள். எனக்கு அப்போது பயம் இல்லை. அக்கா பக்கத்தில் இருந்தால் எதற்குமே பயப்பட மாட்டேன்.

கீழே போய்ச் சிமெண்டும் கம்பியும் பழகிய பிறகு இதையெல்லாம் நான் நினைத்ததே இல்லை. மலையில் சமமான நிலம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதை விட்டுவிட்டுச் சரிவில் தடுப்புச் சுவர் கட்டி வீடு கட்ட நான் என்ன பைத்தியமா? ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "தடத்தை மறிச்சு ஊடு கட்ட வேண்டாங்க" என்றார். வழியை மறிக்கவில்லை, மாற்றித்தான் தருகிறேன் என்றேன். நிலத்தின் கிழக்கு ஓரமாகச் சிமெண்டுப் படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம், பக்கத்தில் பைப் கைப்பிடி. பழைய தடத்தைவிட நூறு மடங்கு வசதி. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் மலையில் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார்கள். அவர் ஒப்புக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கடைக்காலுக்குக் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், முன்பக்கக் கோட்டிலும் பின்பக்கக் கோட்டிலும் இரண்டடி அகலத்துக்குச் சுண்ணாம்பு இல்லை. கலைந்திருந்தால் காலடியோ மாட்டுக் குளம்போ தெரிய வேண்டும். அங்கே துடைத்து எடுத்தது போல வெறும் மண். தடம் போகிற இடம் அதுதான். மறுபடியும் போட்டேன். மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் சுண்ணாம்பே வேண்டாம் என்று முளைக்குச்சி அடித்துத் தோண்டச் சொல்லிவிட்டேன். தோண்டியபோது மற்ற இடங்களில் மண்வெட்டி வெண்ணெயில் போவது போலப் போயிற்று. தடத்தில் மட்டும் கடப்பாறை போட வேண்டியிருந்தது.

கொத்தனாரும் மலைக்காரர், அரியூர் நாடு. எனக்குக் கீழே பத்து வருடம் வேலை பார்த்தவர், கைச்சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். கேட்டால்தான் பேசுவார். "இது மண்ணு இல்லீங்க, பாறையாட்டம் இருக்குது. மத்த எடமெல்லாம் நாம கொட்டுற மண்ணு. ரெண்டும் ஒண்ணா ஒக்காராதுங்க" என்றார். எனக்குத் தெரியாதா? இதையே நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐப்பசிக்குள் வீட்டை முடித்து அக்காவை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரம். அதெல்லாம் அமர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

வேலை நடந்த மாதங்கள் முழுக்க அக்கா ஒருநாளும் என் புதுப் படிக்கட்டில் காலை வைக்கவில்லை. தினமும் மத்தியானம் மாமாவைப் புதைத்த இடத்துக்குப் போவாள், ஒரு டம்ளர் காபியோடு. பேஸ்மென்ட் எழும்பியபோது, இடுப்பு வலியோடு, கல் மேல் கையை ஊன்றி ஏறி, மண் மேல் நடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போனாள். சுவர் ஒரு வரிசை ஏறினால் ஒரு வரிசை உயரமாகக் காலைத் தூக்கினாள். சித்தாள் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

"அக்கா, உழுந்து கிழுந்து வெச்சீன்னா என்ன பண்றது? படி கட்டியிருக்குது இல்ல?"

"அது உன்ற படி சாமி. எனக்கு இதுதான் பழக்கம்."

ஒரு வாரம் கம்பி எடுக்க நாமக்கல் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். என் வரைபடத்தில் பின்வாசல் சமையலறை ஓரமாக, இரண்டரை அடி. கொத்தனார் அதை அங்கிருந்து நகர்த்தி, முன்வாசலுக்கு நேர் எதிராக, நாலடி அகலத்தில் விட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒருவனும் என் வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றியதில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அக்கா தெனமும் அதுலதான் போறாங்க" என்றார்.

"அக்கா ஒருத்தி போறதுக்கு நாலடி எதுக்கு?"

"இருக்கட்டுங்க. அப்பறம் ஆவும்."

இடிக்கலாம். இடித்தால் ஐப்பசிக்குள் முடியாது. நாலடி அகலத்துக்கு இரட்டைக் கதவு செய்து மாட்டச் சொன்னேன். அதற்குப் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி வந்தேன்.

பால் காய்ச்சிய அன்று அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். முன்வாசலில் கால் கழுவி, உள்ளே வந்து, ஹாலின் நடுவாக நடந்து, பின்வாசலில் நின்று கீழே பலாமரத்தைப் பார்த்தாள். தன் அறையைப் போய்ப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மிளகுக்கொடியைப் பார்த்துச் சிரித்தாள். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"எங்க போற? உன்ற பெட்டியெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கறேன்."

"வாரேன் சாமி. வாரேன். ஊடு நல்லாத்தான் இருக்குது. பொறவாசலை மட்டும் மத்தியானத்துல தொறந்து வையி. அப்பறம் வாரேன்."

திறந்து வைத்தால் மஞ்சு உள்ளே வந்து சுவரில் பூசிய புட்டி உரியும், பிளைவுட் உப்பும், குரங்கு வந்து பாத்திரத்தை உருட்டும் என்று நான் பெரிய பட்டியலே போட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பூட்டியிருந்தா அவரு எப்படி வந்து போவாரு?" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததுதான். செத்துப் பதினாறு வருடமான மனிதனுக்காக, சாய்ந்த சுவருக்குக் கீழே படுப்பேன் என்கிறவளிடம் என்ன பேசுவது? போ, உன் இஷ்டம் என்று கத்திவிட்டேன். அக்காவிடம் அப்படிக் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பின்வாசலைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவளாக இறங்கி வருவாள் என்று நினைத்தேன். பிடிவாதத்தில் நான் அவள் வளர்த்த பிள்ளை.

மழை ஆரம்பித்து மூன்றாவது வாரம் ஹால் தரையில் விரிசல் விட்டது. முதலில் ஒரு கோடு. இரண்டு நாளில் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. முன்வாசலில் ஆரம்பித்துப் பின்வாசல் வரைக்கும், நூல் பிடித்தது போல, இரண்டுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. டேப் வைத்து அளந்தேன். இரண்டு பக்கமும் தரை அரை அங்குலம் இறங்கியிருந்தது. நடுவில் இருந்த பட்டை மட்டும் அப்படியே நின்றது. கொட்டிய மண் அமர்ந்துவிட்டது, மிதித்த மண் அமரவில்லை. கொத்தனார் சொன்னது, நான் ஊருக்கெல்லாம் சொன்னது. காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் டேப்பை மடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தடம் டைல்ஸைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து படுத்திருந்தது.

என் மனைவி கீழ்நாட்டுக்காரி. மலை வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. ஒருநாள் மத்தியானம், வெளியே மஞ்சு ஜன்னலை மூடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து வந்து என்னைப் பார்த்து, "இப்ப ஆரு வந்தது?" என்றாள்.

"ஆரும் வரலையே."

"முன்னாடி இருந்து நடந்து வந்து, பொறவாசல்கிட்ட நின்னாங்களே."

டைல்ஸ் சத்தம் என்றேன். தரை இறங்குகிறது, அப்படித்தான் சத்தம் வரும் என்றேன். அன்றிலிருந்து அவள் ஹாலின் நடுவில் நடப்பதை விட்டுவிட்டாள். சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போக வேண்டும் என்றால் சுவரை ஒட்டிச் சுற்றிப் போனாள். அதைக் கேலி செய்தேன். அதே வாரத்தில் நானும் சுவரை ஒட்டிப் போவதைக் கவனித்தேன். கேலியை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு நானே கேட்டேன். ஒரு மத்தியானம் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். முன்கதவு சாத்தித்தான் இருந்தது. கதவுப் பக்கம் ஈரக்காலை வைக்கிற சத்தம். நிதானமாக ஹாலின் நடுவே வந்தது. என் முழங்காலைத் தாண்டியபோது மண்ணும் பச்சிலையும் கலந்த ஒரு வாடை வந்தது. பின்வாசலுக்கு முன்னால் போய் நின்றது. நான் வாயைத் திறந்து, "ஆரது?" என்றேன். கேட்கக் கூடாது என்று அக்கா கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த அதே கேள்வி. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. ஏனென்றால் வந்த சத்தம் கேட்டது, நின்ற சத்தம் கேட்டது, திரும்பிப் போகிற சத்தம் கேட்கவே இல்லை.

இரவு சாப்பிடும்போது மனைவி அதையேதான் சொன்னாள். "வாரது மட்டும் கேக்குது. ஒருத்தரும் திரும்பிப் போறதில்லீங்க. ஊட்டுக்குள்ள நெறையா பேரு இருக்குற மாதிரி இருக்குது."

ஹாலில் ஒரு குளிர் தங்கிவிட்டது. மழை விட்டு வெயில் அடித்த நாளிலும் அது போகவில்லை. சோபாவில் உட்கார்ந்தால், கூட்டமான பஸ்ஸில் சீட் கிடைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு இருக்குமே, தலைக்கு மேல் எல்லோரும் நிற்கிற கூச்சம், அப்படி இருந்தது. ஊருக்குள் வந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிறவர்கள் என் பின்கதவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாவி என் பையில் கனத்தது. எடுத்துத் திறந்துவிடலாம் என்று பலமுறை பின்வாசல் வரை போயிருக்கிறேன். திறந்தால் நான் தோற்றதாக ஆகிவிடும். அறுபது வயதை நெருங்குகிறவன் தன் அக்காவிடம் தோற்கப் பயந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பூட்டிய பிறகும் அக்கா காபி டம்ளரோடு தினமும் வந்தாள். என் முன்வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். கதவைத் தட்டமாட்டாள். பிறகு வீட்டின் சுவரைக் கையால் தொட்டுக்கொண்டே மேற்குப் பக்கமாகச் சுற்றி, சரிவில் புல்லைப் பிடித்து இறங்கிப் போவாள். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "இருங்க, தொறப்பான். கோவக்காரன், ஆனா தொறந்துருவான்" என்றாள். அவள் பேசியது என்னோடு இல்லை.

ஐப்பசி கடைசியில், விடாமல் நாலு நாள் பெய்த மழைக்குப் பிறகு, ஒரு காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. நான் போனபோது கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். சாய்ந்த சுவர் அப்படியே நின்றது. விழும் விழும் என்று நான் சொன்ன அந்தச் சுவர் இன்றைக்கும் விழவில்லை.

மத்தியானம் எடுத்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. அரியூர் நாட்டிலிருந்து கொத்தனாரும் வந்து தோள் கொடுத்தார். மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் வாசலிலிருந்து பாடை இறங்கி வந்து, என் வீட்டுக்கு மேலே, சிமெண்டுப் படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்தது. முன்னால் இருந்தவர்கள் ஐந்தாறு படி இறங்கினார்கள், திருப்பம் வந்தது, நின்றார்கள். படியெல்லாம் பாசி. திருப்பம் மூன்றடிக்கு மூன்றடி. ஆள் திரும்பலாம், சுமையோடு போகிற ஆள்கூடத் திரும்பலாம். ஆறடிப் பாடை திரும்பாது. எத்தனை வீட்டுப் படிக்கட்டில் பீரோ திரும்புமா, கட்டில் திரும்புமா என்று டேப் வைத்து யோசித்தவன் நான். என் அக்கா திரும்புவாளா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

பின்வாங்கி மேலே ஏறினார்கள். அக்கா புல்லைப் பிடித்து இறங்கிய மேற்குச் சரிவில் அந்த மழையில் பாடையோடு கால் ஊன்ற முடியாது. என் முன்வாசலுக்கு நேரே வந்து நின்றார்கள். பறை நின்றுவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. குடியிருக்கிற வீட்டுக்குள் பிணத்தைக் கொண்டு வா என்று யார் வாயால் சொல்வார்கள்? மழைத் தண்ணீர் எல்லார் தலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அசைந்தது என் மனைவிதான். உள்ளே போனாள். சாமிப் படங்களின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். சோபாவைச் சுவரோரம் இழுத்தாள். டீப்பாயைத் தூக்கி அறைக்குள் வைத்தாள். முன்கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பையில் கையை விட்டேன். சாவி இருந்தது. பூட்டுத் திறந்தது, பின்கதவு திறக்கவில்லை. ஈரத்தில் உப்பி நிலையோடு கவ்விக்கொண்டிருந்தது. தோளால் இடித்தேன். மறுபடியும் இடித்தேன். அழுகை வந்துவிட்டது. பாடையை வேறொருவர் தோளில் மாற்றிவிட்டுக் கொத்தனார் வந்து என் பக்கத்தில் நின்று தோளைக் கொடுத்தார். இரண்டு பேருமாக இடித்ததில் கதவு விட்டது.

அப்போது நடந்ததை அங்கிருந்த எல்லோரும் உணர்ந்தார்கள், யாரும் இதுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. வெளியிலிருந்து காற்று உள்ளே வரவில்லை. உள்ளேயிருந்து வெளியே போனது. திரைச்சீலையெல்லாம் பின்வாசல் பக்கம் எழும்பி நின்றது. என் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு குளிர் போயிற்று. நான் கதவோரம் ஒதுங்கினேன். கொத்தனாரும் ஒதுங்கினார். ஊர்க்காரர்கள் வாசலுக்கு வெளியே அசையாமல் காத்திருந்தார்கள். சின்ன வயதில் அக்கா கையைப் பிடித்து நின்றேனே, அவ்வளவு நேரம். பிறகு திரைச்சீலை விழுந்தது. "வாங்க" என்றார் கொத்தனார்.

அக்காவை உள்ளே கொண்டு வந்தார்கள். இரண்டு விரிசலுக்கும் நடுவாகவே பாடை வந்தது. பக்கத்தில் தோள் கொடுத்தவர்களின் கால் இரண்டு பக்கத்துத் தரையிலும் பட்டது. அவளுடைய அறையைத் தாண்டும்போது கதவு திறந்திருந்தது, ஜன்னல் தெரிந்தது. பின்வாசலில் ஒரு பக்கமும் உரசவில்லை. நாலடி சரியாக இருந்தது. நான் கட்டிய வீட்டுக்கு அக்கா வந்தது அப்படித்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தரையை உடைத்துப் புது டைல்ஸ் போடலாமா என்று கொத்தனாரைக் கேட்டேன். வேண்டாங்க என்றார். சிமெண்டுப் படிக்கட்டின் திருப்பத்தை மட்டும் உடைத்தோம். ஊர்க்காரர்கள் இப்போது மஞ்சு நாளில் என் வீட்டுக்குள் நுழைந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பின்வாசல் வழியாக இறங்கிப் போகிறார்கள். மத்தியானம் ஆனால் இரண்டு வாசலையும் திறந்து வைக்கிறேன். புட்டி உரிந்துதான் போயிற்று. குரங்கும் வருகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா போய் முப்பது நாள் கழித்து ஒரு மத்தியானம். நல்ல மஞ்சு. மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் ஹாலின் நடுவில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஏதோ சத்தம். பின்வாசல் பக்கம், கீழே ஓடையிலிருந்து ஏறி வருகிற காலடி. இந்த வீட்டில் அந்தத் திசையிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. சட்டென்று சுவரோரம் ஒதுங்கினேன். "ஆரது" என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வாசற்படியில் ஏறியது. ஹாலுக்குள் வந்தது. இடுப்பு வலிக்காரி மாதிரி, ஒரு காலை மெதுவாக வைக்கிற நடை. அதற்குப் பின்னால் இன்னொன்று. அது இடது காலைத் தாங்கித் தாங்கி வைத்தது.

இரண்டும் முன்வாசல் பக்கம் போகவில்லை. அக்காவுக்காகக் கட்டிய அறையின் முன்னால் வந்து நின்றன. யார் என்று கேட்கத்தான் கூடாது, வா என்று சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "வா அக்கா" என்றேன். "மாமா, வாங்க" என்றேன்.

அந்த அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. விருந்தாளி வந்தால் ஹாலில் பாய் போட்டுக் கொடுக்கிறோம். மிளகுக்கொடி தெரிகிற ஜன்னலைக் காலையில் திறந்து சாயங்காலம் சாத்துவது என் வேலை.